கேட்டறியப்படாத நுகர்வோர்

வணக்கம், நேயர்களே.

நுகர்வோர் உளவியலையும் செயற்கை நுண்ணறிவையும் இணைத்து ஆராயும் கல்விசார் மாநாடுகள் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் கூட்டப்படுகின்றன. அத்தகைய மாநாடு ஒன்று நம் திருகோணமலையில், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கூடுமானால் அங்கே எது பேசப்பட வேண்டும் என்பது பற்றி உரையாற்றுமாறு இவ்வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வணிக முகாமைத்துவம், தொடர்பாடல், கணினி விஞ்ஞானம் ஆகிய மூன்றும் அந்த வளாகத்தில் கற்பிக்கப்படுவதால், இந்த மாநாட்டுக்கு வேண்டிய ஆசிரியர்களும் மாணவர்களும் ஏற்கெனவே அங்கு இருக்கிறார்கள். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் வாங்குபவரிடம் சென்று கேட்காமலே அவரை அறிந்துவிட்டதாகக் கொள்ளும் பழக்கம் இந்தத் துறையில் வேகமாக வளர்ந்து வருகிறது. நம் மாவட்டத்து மக்களிடம் நேரே கேட்டறிந்த சான்றுகளை அந்தப் பழக்கத்துக்கு எதிரே வைப்பதே இங்கு கூடும் மாநாட்டின் முதற்பணியாக இருக்க வேண்டும்.

இவ்விரு துறைகளும் அண்மைக் காலத்தில்தான் ஒன்றையொன்று அணுகின என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால், இரண்டின் தொடக்கத்திலும் ஒரே அறிஞரின் பெயர் இருக்கிறது. அமெரிக்கரான ஹெர்பர்ட் சைமன், மனிதர் எல்லாத் தெரிவுகளையும் ஒப்பிட்டு மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை என்றும், தமக்குள்ள நேரத்துக்கும் அறிவுக்கும் உட்பட்டுத் தேடி, போதும் என்று தோன்றும் ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்றும் 1950களின் நடுப்பகுதியில் எழுதினார். அதே காலத்தில் அலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோருடன் சேர்ந்து தருக்கத் தேற்றங்களை நிறுவும் கணினி நிரல் ஒன்றையும் உருவாக்கினார். 1956 ஆம் ஆண்டு டார்ட்மத் கல்லூரியில் நடைபெற்ற, செயற்கை நுண்ணறிவு என்னும் துறைக்குப் பெயர் தந்த கோடைக்காலக் கூட்டத்தில் அவரும் நியூவெலும் கலந்துகொண்டார்கள். கணினித் துறைக்கான டூரிங் விருது 1975 இலும் பொருளியலுக்கான நோபல் பரிசு 1978 இலும் அவருக்குக் கிடைத்தன. தகவல் பெருகப் பெருக மனிதரின் கவனம் அருகிப்போகும் என்று 1971 ஆம் ஆண்டிலேயே அவர் எச்சரித்தார். இன்று நம் கைத்தொலைபேசியில் ஓடும் ஒவ்வொரு விளம்பரமும் அந்த அருகிய கவனத்துக்காகவே போட்டியிடுகிறது.

மனத்தின் எல்லைகளை அறிவது ஒரு செயல். அந்த எல்லைகளைப் பயன்படுத்திக்கொள்வது வேறொரு செயல். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஒரு தொகையைப் பெறுவதால் உண்டாகும் மகிழ்ச்சியைக் காட்டிலும் அதே தொகையை இழப்பதால் உண்டாகும் வருத்தம் கனமானது என்று காட்டியது. மனிதரைப் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்ட அந்த முடிவு, இணையக் கடைகளில் ‘இன்னும் இரண்டு மாத்திரமே மீதம்’ என்ற அறிவிப்பாகவும், சலுகை முடிய எத்தனை நிமிடம் உண்டு என்று இறங்கிச் செல்லும் கடிகாரமாகவும் உருமாறியது. இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளைத் திரட்டி அவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் கொடுக்கும் பணியை ஹரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010 ஆம் ஆண்டில் தொடங்கினார். செயற்கை நுண்ணறிவு இதில் புகுத்திய மாற்றம் என்னவென்றால், எந்த அறிவிப்பு எவரை எந்த நேரத்தில் அசைக்கும் என்று இனி எந்த மனிதரும் யோசித்துப் பார்க்க வேண்டியதில்லை. பல வடிவங்களைப் பல ஆயிரம் பேருக்குக் காட்டி, எது அதிக விற்பனையைத் தருகிறதோ அதை இயந்திரமே நிலைநிறுத்திவிடுகிறது.

இணையக் கடைகள் நமக்குக் காட்டும் பரிந்துரைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதையும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டும். அமேசன் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2003 ஆம் ஆண்டு தங்கள் முறையை விளக்கி ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். இந்தப் பொருளை வாங்கியவர்கள் வேறு எந்தெந்தப் பொருட்களை வாங்கினார்கள் என்ற இணைப்புகளைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கு அவற்றைக் காட்டுவதே அந்த முறையின் அடிப்படை. வாங்கியவர் எதற்காக வாங்கினார் என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. விற்பனைக்கு இந்த அளவு அறிவு போதுமாக இருக்கலாம். ஆனால், ஒரு மனிதரின் நடத்தையை முன்கூட்டிச் சொல்வதையும் அவரைப் புரிந்துகொள்வதையும் ஒன்றென்று கொள்ளும் உளவியல், தன் பெயருக்குரிய பணியைக் கைவிட்டுவிடுகிறது.

இப்போது இயந்திரம் பேசவும் தொடங்கிவிட்டது. 1966 ஆம் ஆண்டில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற எளிய நிரல், தட்டச்சுச் செய்தவரின் சொற்களையே திருப்பிக் கேள்வியாக்கிக் காட்டியது. அதன் உள்ளமைப்பு இவ்வளவுதான் என்று தெரிந்தவர்கள்கூட அதனிடம் மனம்விட்டுப் பேசியது அவரைக் கலங்கச் செய்தது. பெருந்தொகையான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டு, மனிதரைப் போல விடை எழுதும் நிரல்களான இன்றைய மொழி மாதிரிகள் அதைவிடப் பல மடங்கு வல்லவை. 2025 ஆம் ஆண்டு நேச்சர் ஹியூமன் பிஹேவியர் என்ற ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஆய்வில் 900 பேர் இணையவழி விவாதங்களில் பங்குபற்றினார்கள். எதிரில் இருப்பவரின் வயது, பாலினம், கல்வி போன்ற சில விவரங்கள் கொடுக்கப்பட்டபோது, அவரைத் தன் கருத்துக்கு இணங்கச் செய்வதில் ஜிபிடி-4 என்ற மொழி மாதிரி மனிதப் போட்டியாளரை விஞ்சியது. அங்கு விவாதிக்கப்பட்டவை சமூகப் பிரச்சினைகள். அதே திறன் ஒரு கடன் திட்டத்தையோ அழகுசாதனப் பொருளையோ விற்கும் பணியில் அமர்த்தப்படும்போது, வாங்குபவரின் பக்கத்தில் நின்று பேசப் பெரும்பாலும் எவரும் இருக்கமாட்டார்கள் என்பதே என்னை வருத்துகிறது.

இந்த உரையில் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது அடுத்து வருவதைத்தான். 2023 ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் சிலர், மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்துவதற்குப் பதிலாக மொழி மாதிரிகளிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று முன்மொழிந்தார்கள். ‘நீ இத்தனை வயதான, இன்ன ஊரைச் சேர்ந்த, இவ்வளவு வருமானமுள்ள பெண்’ என்று இயந்திரத்திடம் சொல்லிவிட்டு, இந்தச் சவர்க்காரத்தை வாங்குவாயா, இந்த விலை கொடுப்பாயா என்று அதனிடம் வினவுவது இம்முறை. அமெரிக்க வாக்காளர் குழுக்கள் சிலவற்றின் விடைகளோடு இயந்திரத்தின் விடைகள் நன்கு பொருந்தின என்றும் வெளியிடப்பட்டது. செலவும் காலமும் மிச்சமாகும் என்பதால் வர்த்தக நிறுவனங்கள் இதை நாடுவதில் வியப்பில்லை.

ஆனால், இயந்திரம் எந்த மக்களின் குரலில் விடை சொல்கிறது? ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் 2010 ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, உளவியல் ஆய்வுகளில் பங்குபற்றியவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் மேற்கு நாடுகளின் கல்வியும் செல்வமும் உள்ள சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்றும், உலக மக்களோடு ஒப்பிடும்போது பல பண்புகளில் அவர்கள் விதிவிலக்காகவே அமைகிறார்கள் என்றும் எடுத்துக்காட்டியது. பின்னர், 2023 ஆம் ஆண்டில் மொஹமட் அடாரி, ஹென்ரிக் முதலியோர் மொழி மாதிரிகளையும் அதே அளவுகோலால் சோதித்து, அவை அந்த மேற்கத்திய மக்களைப் போலவே விடை தருகின்றன என்றும், பண்பாட்டில் அவர்களிடமிருந்து எந்த அளவு விலகி நிற்கிறோமோ அந்த அளவுக்கு இயந்திரத்தின் விடையும் நம்மிடமிருந்து விலகுகிறது என்றும் காட்டினார்கள். ஆகவே, மூதூர்ப் பெண்ணொருவராக நடிக்குமாறு இயந்திரத்திடம் கேட்கும் நிறுவனத்துக்குக் கிடைப்பது மூதூரின் விடை ஆகாது. அவ்விடையை வைத்துக்கொண்டு மூதூரில் என்ன விற்பது, எந்த விலையில் விற்பது என்று முடிவெடுக்கப்படும்போது, கேட்கப்படாமலே பேசியவர்களாக நாம் ஆக்கப்படுகிறோம்.

நம் மாவட்டத்தின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு கைத்தொலைபேசிக்கு ஒரு நுகர்வோர் என்பது இந்தத் தொழில்நுட்பங்கள் பலவற்றின் அடிப்படை ஊகம். கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ பல வீடுகளில் தாயும் பிள்ளைகளும் ஒரே கைத்தொலைபேசியைப் பயன்படுத்துகிறார்கள். விளம்பரத்தைப் பார்ப்பவர் மகள், வேண்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்பவர் தாய், பணம் அனுப்புபவர் கத்தாரில் வேலை செய்யும் தந்தை அல்லது அண்ணன். இவர்களுள் யாருடைய மனத்தை அந்த இயந்திரம் படித்துக்கொண்டிருக்கிறது? வாங்கும் முடிவு இங்கே ஒரு தலைக்குள் நிகழ்வதில்லை; அது வட்ஸ்அப் குரற்பதிவுகளாகக் கடல் கடந்து போய்த் திரும்பி வருகிறது. நுகர்வோர் உளவியலின் பாடநூல்களில் குடும்பமாக எடுக்கும் முடிவு பற்றி ஓர் அத்தியாயம் இருக்கலாம். நம் மாவட்டத்தில் அதுதான் பாடநூலின் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும்.

காலக் கணக்கும் அப்படியே. மாரி காலத்தில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கடற்றொழில் குடும்பங்களின் கையில் பணம் குறைவு. கடைக் கொப்பியில் கடன் ஏறும், மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்க நேரும். தம்பலகாமத்து விவசாயிக்குப் பெரும்போக அறுவடைக்குப் பின்னர்தான் கை நிறையும். நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்று புடைவைக் கடைகள் நிரம்பும் நாட்கள் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். மாதச் சம்பளக்காரரின் தாளத்துக்கு அமைந்த ஒரு கடன் மதிப்பீட்டு முறை, மாரி மாதத்தில் தவணை தாமதிக்கும் மீனவரை நம்பத்தகாதவர் என்று முத்திரை குத்திவிடக்கூடும். ஊரில் சீட்டுப் பிடிக்கும் பெண்கள் ஒரு மாதமும் தவறாமல் பணம் கட்டும் ஒழுங்கு, எந்தத் தரவுத்தளத்திலும் பதிவாவதில்லை. சீட்டுக்காரியின் கொப்பியில் இருக்கும் நம்பிக்கை வரலாறு வங்கியின் கணினிக்குத் தெரியாது. இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். கடன் கிடைப்பதும் மறுக்கப்படுவதும் இந்த மாவட்டத்துப் பெண்களின் வாழ்வில் எத்தகைய விளைவுகளை உண்டாக்கும் என்பதை நேயர்கள் நன்கறிவீர்கள்.

மொழியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மொழி மாதிரிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்தே கையாள்கின்றன. ஒரே கருத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்கு வேண்டியதைவிடத் தமிழுக்கு அதிகத் துண்டுகள் தேவைப்படுவது பல மாதிரிகளில் அளந்து காட்டப்பட்டுள்ளது. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிடப்படுவதால், தமிழில் முறைப்பாடு கேட்கும் சேவையை நடத்தும் நிறுவனத்துக்குச் செலவு கூடும். செலவு கூடுமிடத்தில் சேவை சுருங்கும். விற்கும்போது தமிழில் பேசும் இயந்திரம், முறைப்பாடு சொல்லும்போது ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறதா என்பதை நம் மாணவர்களே சோதித்து அறியலாம்.

இயந்திரத்தின் ஆலோசனையை மக்கள் நம்புகிறார்களா என்ற வினாவுக்கும் இங்கிருந்தே விடை வர வேண்டும். 2015 ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் செய்யப்பட்ட ஆய்வொன்று, கணினி ஒருமுறை தவறுவதைக் கண்டவர்கள், அது மனிதரைவிடச் சரியாகக் கணித்தாலும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று கண்டது. 2019 ஆம் ஆண்டில் வந்த வேறோர் ஆய்வு, மனிதரின் ஆலோசனையைவிடக் கணினியின் ஆலோசனைக்கே பலர் அதிக மதிப்புத் தருகிறார்கள் என்று கண்டது. முடிவுகள் இப்படி இரண்டுபட்டு நிற்கும்போது, திருகோணமலை மத்திய வீதியில் பொருள் வாங்குபவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று இயந்திரத்திடமோ வெளிநாட்டுக் கட்டுரையிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே கடை வைத்து, ஒருவர் மொழியில் மற்றவர் விலை பேசும் இந்த நகரில் அந்த வினாவே வேறு வடிவம் எடுக்கும் என்பது என் எண்ணம்.

சட்டம் ஓரளவு நம் பக்கம் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஓகஸ்ட் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. வயது, இயலாமை, சமூகப் பொருளாதார நிலை ஆகியவற்றால் நலிந்தவர்களின் பலவீனத்தைச் சுரண்டி அவர்களுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் வகையில் நடத்தையைத் திரிக்கும் முறைகளுக்கு அது விதித்த தடை 2025 பெப்ரவரி 2 முதல் செயற்படத் தொடங்கியது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் இயந்திரத்தால் எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு வகுத்துள்ளது. ஆனால், கடன் ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்கலாம் என்பதையே அறியாத ஒருவருக்கு அந்த உரிமை எட்டாது.

எனவே, மாநாட்டின் ஓர் அமர்வையேனும் மண்டபத்துக்கு வெளியே நடத்துமாறு கேட்கிறேன். மாணவர்கள் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் ஆகிய இடங்களுக்குச் சென்று, கடன் தரும் செயலி ஒன்றின் நிபந்தனைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வாங்குபவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். வட்டி எவ்வளவு, தவறினால் என்ன நடக்கும், தம்முடைய தொடர்பு இலக்கங்களை அந்தச் செயலி எடுத்துக்கொள்கிறதா என்று அவர்கள் புரிந்துகொண்டதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். அதே வினாக்களை, அவ்வூரவராக நடிக்குமாறு பணிக்கப்பட்ட மொழி மாதிரியிடமும் கேட்டு, இரு விடைகளையும் பக்கம் பக்கமாக வைத்து மாநாட்டில் வாசிக்கட்டும். அந்த அறிக்கையின் முதற்பிரதி விடை சொன்னவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே போய்ச் சேர வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு பிரதி அனுப்பப்பட வேண்டும். ஆங்கில ஆய்விதழுக்குரிய கட்டுரையை அதன் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.

நன்றி, நேயர்களே. வணக்கம்.