ஆமென்னுக்கு முன்னால் அறுந்த பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் பல வருஷம் பாட்டுப் பதிவுக் கடை நடத்தியவன் நான். வெற்று கேசட்டையும், துண்டுக் காகிதத்தில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொண்டுவந்து தருவார்கள். ரெண்டு நாளில் எல்பி இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்போம். அந்தக் காலத்து ஆர்டர் நோட்டுகள் சில இன்னும் வீட்டில் இருக்கின்றன. கேசட்டை வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து என்ன சொன்னார்களோ, அதை ஓரத்தில் எழுதிவைப்பது என் வழக்கம். பாட்டுகளைத் தொகுக்கும்போது விடுவதையும் வெட்டுவதையும் பற்றி, இன்றைக்கு அந்த ஓரக் குறிப்புகளை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

போனி எம் பாட்டுக் குழுவை நம் பக்கத்தில் கேட்காதவர்கள் குறைவு. ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் என்ற தயாரிப்பாளர் அமைத்த குழு அது. மேடையில் நின்ற நாலு பேரும் கரீபியன் தீவுகளில் பிறந்தவர்கள். 1980-ல் அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டுகளில் இருபதைச் சேர்த்து 'தி மேஜிக் ஆஃப் போனி எம்' என்று ஒரே தட்டாக வெளியிட்டார்கள். அந்தத் தட்டு என் கடைக்கு வந்த பிறகு ஓய்வே இல்லை. இங்கிலீஷ் தெரிந்தவர்கள்தான் கேட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 'ரா ரா பாட்டு வேணும்' என்று 'ரஸ்புடின்' பாட்டைக் கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். கல்யாண வீட்டுக்கு மைக்செட் கட்டுகிறவர்கள், தென்காசி போகும் பஸ்ஸில் டேப் வைத்திருந்த டிரைவர்கள், கல்லூரிப் பையன்கள் என்று எல்லாரும் வந்தார்கள்.

வந்தவர்களில் ரெண்டு பேர் ஒரே பட்டியலை எழுதியதாக நினைவில்லை. மைக்செட்காரர் ஒருவர், "அந்த எல் லூட் பாட்டை எடுத்துரும்வே, பந்தியில உக்காந்தவன் தூங்கிருவான்" என்றார். அது ஸ்பெயின் நாட்டுக் கைதி ஒருவரைப் பற்றிய மெதுவான பாட்டு. அதே வாரம் ஒரு ஆபீஸ் குமாஸ்தா வந்து, அந்த ஒரு பாட்டை மட்டும் கேசட்டின் ரெண்டு பக்கமும் நிரப்பித் தரச் சொன்னார். ரெண்டு பேர் சொன்னதும் என் நோட்டில் ஒரே பக்கத்தில் இருக்கிறது. எனக்கு ரெண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

அப்புறம் கல்லூரிப் பையன்கள். அவர்கள் குறை வேறு மாதிரி. 1978-ல் வந்த 'நைட்ஃபிளைட் டு வீனஸ்' தட்டை முன்பே கேட்டிருந்தார்கள். அதில் முதல் பாட்டின் மேளம் நிற்காமல் அப்படியே ரஸ்புடினுக்குள் போகும். நடுவில் இடைவெளியே கிடையாது. தொகுப்பில் ரஸ்புடின் தனியாக வந்து நிற்கிறது. "அண்ணாச்சி, மேளம் எங்க?" என்று கேட்டார்கள். நையாண்டி மேளம் முழங்கி ஓயுமுன்னே கரகம் ஆட வருகிறவரைப் பார்த்துப் பழகிய ஊர் இது. மேளம் இல்லாமல் ஆள் மட்டும் வந்து நின்றால் நம் பையன்கள் கேட்கத்தானே செய்வார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் சௌகரியமாக இருக்கும். அதற்கு மேல் பாட்டைத் திணித்தால் வரிப்பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும். நெருக்கிப் போட்டால் ஒலியைக் குறைத்துத்தான் பதிய முடியும். தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெருக்கி நட்டால் பயிர் எண்ணிக்கைக்கு இருக்கும், தூர் கட்டாது. ஆகவே இருபது பாட்டையும் அடக்குவதற்காக அந்தத் தொகுப்பில் பல பாட்டுகளை வெட்டிச் சுருக்கினார்கள். பாட்டை விடுவது வேறு, வெட்டுவது வேறு. விட்டால் வேறு தட்டில் தேடிக் கேட்டுக்கொள்ளலாம். வெட்டினதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அதுதான் முழுப்பாட்டு என்று ஆகிவிடும். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊசிக்கோபுரம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். கையில் அறுபது நிமிட கேசட். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' கட்டாயம் வேண்டும் என்றார். அந்தப் பாட்டு வேதாகமத்திலிருந்து எடுத்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுத சனங்களின் பாட்டு, 137-ஆம் சங்கீதம். ஜமைக்காவில் மெலோடியன்ஸ் என்ற குழு முதலில் பாடியது. போனி எம் 1978-ல் எடுத்துப் பாடி உலகமெல்லாம் கொண்டுபோனார்கள். பாட்டின் நடுவில் இன்னொரு சங்கீதமும் வரும், 19-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். வாயின் வார்த்தைகளும் இருதயத்தின் தியானமும் உமக்குப் பிரியமாக இருக்கட்டும் என்று கேட்கிற வசனம். நம் ஊர் கிறிஸ்தவக் கோயில்களில் போதகர் பிரசங்கம் தொடங்குமுன் ஜெபிப்பது அதைத்தான்.

கேசட்டின் முதல் பக்கத்தில் ஒரு நிமிடமும் கொஞ்சமும் மிச்சம் இருந்தது. அதில் இந்தப் பாட்டைப் போட்டு, டேப் தீர்கிற இடத்தில் ஒலியை மெல்லக் குறைத்து முடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கடை திறக்குமுன் டீச்சர் வாசலில் நின்றார்.

"ஏ தம்பி, பாட்டு முடியலையே."

"டேப் தீர்ந்துட்டு டீச்சர். முக்கால்வாசி வந்துட்டு."

"முக்கால்வாசி என்ன? ஜெபமே வரலை. அதுக்குள்ள ஆமென் போட்டுட்டியே."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பையன் விட்ட எழுத்தைக் காட்டுவதுபோல் சொன்னார். அன்றைக்கே வேறொரு பாட்டை எடுத்துவிட்டு இதை முழுதாகப் பதிந்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு என் கடையிலிருந்து ஒரு பாட்டும் பாதியில் முடிந்து போனதில்லை. இடம் இல்லை என்றால் வெறும் டேப்பாக விட்டுவிடுவேன். சிலர் அதற்கும் வந்து சண்டை போட்டார்கள். போடட்டும்.

எது சிறந்த பாட்டு என்பதைத் தொகுக்கிறவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. இதே பாபிலோன் பாட்டு இங்கிலாந்தில் தனித் தட்டாக வந்தபோது, பின்பக்கத்தில் 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்' இருந்தது. ஜமைக்காவில் குழந்தைகள் வட்டம் கட்டி ஆடும் பாட்டு. முன்பக்கம் ஓய்ந்து விற்பனை இறங்கிய நேரத்தில் வானொலிகள் தட்டைத் திருப்பிப் போட்டன. சனங்களுக்கு அது பிடித்துப்போய், அதே தட்டு விற்பனைப் பட்டியலில் மறுபடி ரெண்டாம் இடம் வரைக்கும் ஏறியது. பின்பக்கத்தில் இருந்த அந்தப் பாட்டு பிறகு இருபதில் ஒன்றாகத் தொகுப்பிலும் சேர்ந்தது. கேட்கிறவர்கள் சேர்த்தது அது.

குரல்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டதென்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டைப் படத்தில் நாலு பேர் இருந்தாலும், தட்டில் பாடிய பெண் குரல்கள் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் ரெண்டு பேருடையவை. ஆண் குரல் ஃபாரியனுடையது. மேடையில் ஆடிய பாபி ஃபாரெலின் குரல் என்று என் கடைக்கு வந்த எல்லாரும் நம்பினோம், நானும் நம்பினேன். 'பெல்ஃபாஸ்ட்' மார்சியா முன்னின்று பாடியது. வீட்டில் அந்த கேசட் இருந்தால், இன்று ராத்திரி அந்த ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். வணக்கம்.