இன்டர்லாக் மாட்டிய காரில் பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குப் பேசப் போகும் விஷயத்தை நம் ஆட்கள் வெளியில் சொல்லவே தயங்குவார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் மாட்டி, இப்போது காரில் இக்னிஷன் இன்டர்லாக் பொருத்தியிருப்பவர்களுக்கான வீடியோ இது. இங்கே அமெரிக்காவின் மிச்சிகனில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. வழக்கு முடிந்துவிட்டது, தண்டனையை ஏற்றுக்கொண்டாயிற்று, ஒழுங்காக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் பேட்டரி இறங்கி, அதனாலேயே லைசென்ஸ் மறுபடி சிக்கலாகும்போது பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. வெட்கத்தில் யாரிடமும் கேட்பதும் இல்லை. அதனால் நான் கேமரா முன்னால் சொல்லிவிடுகிறேன்.

கருவி என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. டாஷ்போர்டு அருகில் போன் அளவில் ஒரு கைக்கருவி தொங்கும். அதில் ஊதினால்தான் செல்ஃப் எடுக்கும். மிச்சிகனில் மூச்சை வைத்துக் கணிக்கும் ரத்த ஆல்கஹால் 0.025 சதவீதத்தை எட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஓடும்போதும் அவ்வப்போது ஊதச் சொல்லும். சட்டப்படி ஓட்டக்கூடாத அளவு இங்கே 0.08. முதல் முறை பிடிபடும்போதே 0.17 அல்லது அதற்கு மேல் காட்டியிருந்தால், 2010 அக்டோபர் இறுதியில் வந்த சட்டப்படி, கட்டுப்பாடுகளோடு லைசென்ஸ் கிடைப்பதற்கே இந்தக் கருவி வேண்டும். திரும்பத் திரும்ப மாட்டி லைசென்ஸ் ரத்தானவர்கள், லைசென்ஸைத் திரும்பக் கேட்கும் விசாரணையில் ஜெயித்து வந்த பிறகும் குறைந்தது ஒரு வருஷம் இதோடுதான் ஓட்ட வேண்டும்.

இப்போது கருவிக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். ஒரு நண்பர் தன் காரை நம்பிக் கொடுத்திருக்கிறார், நம்பர் பிளேட்டைக் காட்ட மாட்டேன். ஸ்டீயரிங்கிற்கு அடியில் இருந்து வருகிற இந்த ஒயர் கட்டு தெரிகிறதா? இதில் ஒன்று நேராகப் பேட்டரி கரண்ட். சாவியை எடுத்த பிறகும் அதில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். நேரத்தையும் பதிவுகளையும் காப்பாற்ற கருவிக்கு அது தேவை. தூங்கும் நிலையில் கொஞ்சமாகத்தான் இழுக்கும். ஆனால் உள்ளே இருக்கிற ஃப்யூல் செல் சென்சார் வெதுவெதுப்பாக இருந்தால்தான் சரியாக அளக்கும், அதற்கு ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். குளிர் ஏற ஏற அந்த ஹீட்டர் அதிக நேரம் வேலை செய்யும். விழித்திருக்கும்போது கருவி இழுக்கும் கரண்ட், தூங்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள கார் நிறுத்தி வைத்திருக்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் சரி என்பார்கள். உங்கள் கார் 30, கருவி 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80. ஒரு நாளைக்கு 1.92 ஆம்பியர் ஹவர் போகிறது. 60 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 15, 16 நாளில் பாதி காலி. இது பேட்டரி புதிதாக, முழு சார்ஜில், மிதமான வெப்பத்தில் இருக்கும்போது உள்ள கணக்கு. ஜனவரியில் டெட்ராய்ட் பக்கம் ராத்திரி மைனஸ் 18 டிகிரிக்குப் போகும்போது அதே பேட்டரியால் பாதி பலத்தைக்கூடக் காட்ட முடியாது. என்ஜின் ஆயிலும் கெட்டியாகி இருக்கும், செல்ஃபுக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி வேண்டும். நாலு வருஷப் பழைய பேட்டரி என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால் எல்லாப் பழியையும் கருவி மேல் போடாதீர்கள். டாஷ் கேம் வைத்திருக்கிறீர்களா? பார்க்கிங் மோடில் விட்டால் பல டாஷ் கேம்கள் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும், அதாவது என் கணக்கில் கருவிக்குப் போட்டதைவிடப் பல மடங்கு. அதை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த குட்டி டிராக்கர், ஓ.பி.டி. போர்ட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்கும் சாக்கெட்டில்) செருகியே விட்டிருக்கும் ஸ்கேனர், இவையும் காரைத் தூங்க விடாது. புஷ் பட்டன் வண்டி என்றால் சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். சாவி அருகில் இருப்பதை உணர்ந்து சில கார்கள் அடிக்கடி விழித்துக்கொள்ளும்.

சரி, இன்றைய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மற்றவர்களுக்குப் பேட்டரி இறங்கினால் ஒரு காலை நேரம் வீண், அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி இல்லை. கருவிக்குக் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது ஒரு பதிவாக விழும். அடுத்த சர்வீஸில் அந்தப் பதிவு, இங்கே லைசென்ஸ் கொடுக்கிற செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்குப் போகும். பேட்டரி தானாக இறங்கியதா, கருவியை ஏமாற்ற நீங்கள் ஒயரைக் கழற்றினீர்களா என்பது அந்தத் தாளைப் பார்ப்பவருக்குத் தெரியாது. மிச்சிகனில் கருவியைச் சேதப்படுத்துவதும் சுற்றி வளைத்து வண்டி எடுப்பதும் பெரிய விதிமீறல். அப்படி முடிவானால் பழைய லைசென்ஸ் தடை திரும்ப வந்து உட்காரும், நீங்கள்தான் விசாரணை கேட்டு நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவு விழுவதற்குப் பேட்டரி முழுசாகச் சாக வேண்டும் என்றுகூட இல்லை. சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் இழுக்கும். நல்ல பேட்டரி அப்போது பத்து வோல்ட்டுக்குப் பக்கத்தில் தாக்குப்பிடிக்கும். பலவீனமான பேட்டரி எட்டுக்கோ ஏழுக்கோ விழும். என்ஜின் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் அந்த ஒரு நொடியில் கருவி அணைந்து மறுபடி எழுந்திருக்கலாம். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்தால், கருவியின் திரை ஒரு தடவை அணைந்து வந்தால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு அந்த வாரமே பேட்டரியைச் சோதியுங்கள். பெரும்பாலான ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் இலவசமாகவே லோட் டெஸ்ட் செய்து தருகிறார்கள். ஆனால் உள்ளே போனதும் முதல் வார்த்தையாக, "இதில் இன்டர்லாக் இருக்கிறது, டெர்மினலைக் கழற்றாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

நீங்களாகவும் பார்க்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் போதும். வண்டியை நிறுத்தி, ஒரு ராத்திரி விட்டுவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ். 12.2 பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். வண்டி ஓடும்போது அதே இடத்தில் 13.5-இலிருந்து 14.7-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்டர்நெட்டில் கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு முறை சொல்வார்கள்: நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்து அளப்பது. நல்ல முறைதான். உங்கள் காரில் மட்டும் செய்யாதீர்கள். ஒயரைக் கழற்றிய அந்த நொடியே பதிவு விழுந்துவிடும். இதோ, இந்த கிளாம்ப் மீட்டரைப் பாருங்கள். டி.சி. மில்லி ஆம்பியர் அளக்கிற வகை. ஒயரை வளைத்துப் பிடித்தால் போதும், எதையும் கழற்ற வேண்டாம். காரைப் பூட்டி, பானெட்டைத் திறந்தே வைத்து, அரை மணி நேரமாவது காத்திருந்து அளக்க வேண்டும். அதற்கு முன்னால் அளந்தால் காரின் கம்ப்யூட்டர்கள் இன்னும் தூங்கியிருக்காது. இப்போது பாருங்கள், 70 சுற்றி நிற்கிறது. கார், கருவி இரண்டும் சேர்ந்து இவ்வளவு. பரவாயில்லை. 200, 300 என்று காட்டினால் வேறு ஏதோ இழுக்கிறது.

அப்புறம் தீர்வு. எனக்குப் பிடித்த தீர்வு ஒன்றுதான், பேட்டரி மெயின்டெய்னர். கைக்கு அடக்கமான இந்தச் சின்ன சார்ஜர். ஒரு ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்றும், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும். வாரக் கணக்கில் மாட்டியே வைக்கலாம். தானாக நிற்காத பழைய வகை சார்ஜரை இப்படி விடக்கூடாது. இதோடு இரண்டு வகை ஒயர் கொடுப்பார்கள். வளையம் வைத்த ஒயரை மாட்ட டெர்மினல் நட்டைத் தளர்த்த வேண்டும், நமக்கு அது வேண்டாம். கிளிப் வைத்த ஒயரே போதும். சிவப்பைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பைப் பெயின்ட் இல்லாத சேஸிஸ் இரும்பிலும் பிடியுங்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும். நேராக அங்கே பிடித்தால் ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வராது.

அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன், பார்க்கிங்கில் பிளக் இல்லை என்பவர்கள் நிறைய. உங்களுக்குக் கொஞ்சம் உழைப்பு அதிகம். மளிகைக் கடைக்கு ஐந்து நிமிஷம் போய் வருவது பேட்டரிக்குப் பெரிய வரவு இல்லை. செல்ஃப் எடுத்ததையே அது திருப்பித் தராமல் போகலாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ஐ-696 அல்லது ஐ-96 ஹைவேயில் அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே பாதியாக இறங்கிய பேட்டரியை அந்த ஓட்டம் நிரப்பாது, நிறைந்ததை நிறைந்தபடி வைத்திருக்கத்தான் உதவும். பேட்டரி பழசு என்றால் குளிர் வருவதற்கு முன் மாற்றிவிடுங்கள். காரின் சார்ஜிங் அமைப்பு ஏற்கும் என்றால் ஏ.ஜி.எம். வகை (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) நல்லது.

காலையில் ஊதும் நேரத்துக்கும் ஒரு பழக்கம் வேண்டும். குளிரில் கருவி சூடாகச் சில நிமிஷம் எடுக்கும். அந்த நேரத்தில் இக்னிஷனைப் போட்டுவிட்டு சீட் ஹீட்டர், ப்ளோயர், ஹெட்லைட், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாம் எரிய உட்கார்ந்திருந்தால் செல்ஃபுக்கு மிச்சம் இருக்காது. முந்தின ராத்திரி இறங்கும்போதே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கைக்கருவியை ஒயரிலிருந்து கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகப் பல மாடல்களில் அனுமதி உண்டு. வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து மாட்டினால் சீக்கிரம் தயாராகும். ஆனால் உங்கள் மாடலில் கழற்றலாமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்தும் இறங்கிவிட்டால் என்ன செய்வது? எதையும் தொடுவதற்கு முன் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள். போன் செய்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செத்துக் கிடக்கும் டாஷ்போர்டை வீடியோ எடுங்கள். பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருக்கிறதா பாருங்கள். முழுக்க இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், உறைந்ததை ஜம்ப் செய்தால், அதாவது இன்னொரு காரின் பேட்டரியோடு கேபிளால் இணைத்து ஸ்டார்ட் செய்தால், வெடிக்கலாம். உப்பவில்லை என்றால் கேபிளைச் சரியான வரிசையில் மாட்டுங்கள்: இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் பாசிட்டிவ், நல்லதன் நெகட்டிவ், கடைசியாக உங்கள் என்ஜினின் இரும்பு. மாற்றி மாட்டினால் கருவியே எரிந்துபோகலாம். உதவி செய்யும் காரைப் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். கருவி எழுந்து, சூடாகி, கேட்கும்போது ஊதுங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள். மேனுவல் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் ஊரில் செய்வதுபோல் தள்ளி ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஊதாமல் என்ஜின் ஓடியது என்று பதிவாகும். அதற்குப் பதில் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

பேட்டரியை மாற்றும்போதும் இதே முறைதான். முன்கூட்டியே சொல்லுங்கள், தேதியும் நேரமும் கார் எண்ணும் உள்ள பில் வாங்குங்கள், மெக்கானிக்கிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கழற்றும்போது வேறு 12 வோல்ட் சப்ளையை ஒயரில் கொடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள், நல்ல மெக்கானிக்குகளிடம் அதற்கான சாதனம் இருக்கும். கரண்ட் திரும்பியதும் உடனே ஊதி, சுத்தமான ஒரு பதிவை ஏற்றிவிடுங்கள்.

கடைசியாக, டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள். ஒரு மாதம் கார் நிற்கும். என் கணக்குப்படி அதுவே ஒரு பேட்டரியைக் கிட்டத்தட்டக் காலி செய்யும் காலம், அதுவும் நடுக்குளிரில். கார் ஏர்போர்ட் பார்க்கிங்கில் நின்றால் பேட்டரி இறங்கிவிட வாய்ப்பு அதிகம், அங்கே விடாதீர்கள். பிளக் இருக்கிற நண்பர் வீட்டு கராஜில் மெயின்டெய்னரோடு விடுங்கள். மிச்சிகனில் கருவியை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸுக்குக் காட்ட வேண்டும். அந்தத் தேதி பயணத்துக்கு நடுவில் வந்தால், கிளம்பும் முன்பே சர்வீஸை முடித்துவிடுங்கள். நண்பர் இடையில் வண்டியை எடுக்கலாம், ஆனால் அவரும் ஊத வேண்டும், அவர் ஊதுவதும் உங்கள் கணக்கில்தான் ஏறும். ஒரு கிளாஸ் பீர் குடித்துவிட்டுத்தான் எடுத்தார் என்றாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அதனால் குடிக்காத நண்பரிடம் மட்டும் சாவியைக் கொடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால், கார் மெயின்டெய்னரில் நிற்கட்டும், சாவி உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் கார் மாடலில் கிளிப்பை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லையா? கீழே மாடலையும் வருஷத்தையும் மட்டும் எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டாம். நான் பார்த்துச் சொல்கிறேன்.