கண்ணில் பட்டதைச் சொல்லும் பயிற்சி

நேயர்களுக்கு வணக்கம். "உங்கள் மகனுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டு, என்ன செய்வதென்று விளங்காமல் வீடு திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அக்கறையின்மையை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆசிரியர் கண்டது, அவன் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவராததாகவோ, கணக்கைப் பாதியில் நிறுத்தியதாகவோ இருக்கலாம். கண்டதைத் தீர்ப்பிலிருந்து உடனுக்குடன் பிரித்தறியும் திறன் ஆசிரியப் பயிற்சியிலேயே கைவர வேண்டும் என்று நான் நெடுநாளாக வலியுறுத்தி வருகிறேன்.

நடத்தையை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்ற ஆக்டன் லிண்ட்ஸ்லி, 1965-இல் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் ஈடுபட்டார். இறந்த மனிதனாலும் செய்ய முடிகிற எதுவும் நடத்தை ஆகாது என்பது அவர் வகுத்த சோதனை. சற்று நினைத்துப் பாருங்கள்: சத்தம் போடாமல் இருத்தல், இடத்தை விட்டு எழாமல் இருத்தல், பக்கத்துப் பையனை அடிக்காமல் இருத்தல் என்று நாம் பிள்ளைகளிடம் அன்றாடம் எதிர்பார்ப்பவற்றை எல்லாம் இறந்தவன் குறைவின்றிச் செய்துவிடுவான். கையை உயர்த்திக் கேள்வி கேட்பதும், ஒரு பத்தியை உரக்க வாசிப்பதும் அவனால் ஆகாது. உயிருள்ள குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியவை அவையே. ஆயினும் இச்சோதனை மட்டும் போதாது. அக்கறை கொள்வதும் இறந்தவனால் ஆகாததுதான். ஆனால் அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று காண முடிகிறதா, எண்ண முடிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

காண முடிகிறதா, எண்ண முடிகிறதா என்று நிதானமாக யோசித்து விடை சொல்வது எளிது. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்த நிதானத்துக்கு இடமில்லை. ஏழெட்டு எவ்வளவு என்றால் விரல் விடாமல் ஐம்பத்தாறு என்று வருகிறதே, அந்தச் சரளம் இதிலும் வர வேண்டும். அதற்கு லிண்ட்ஸ்லியின் அட்டைப் பயிற்சி பொருத்தமானது. "பிடிவாதம் பிடிக்கிறாள்", "பென்சிலைக் கீழே எறிகிறாள்" என்பன போன்ற வாக்கியங்களை அட்டைக்கு ஒன்றாக முன்பக்கத்திலும், கண்டதா, தீர்ப்பா என்னும் விடையைப் பின்பக்கத்திலும் எழுதி, நாள்தோறும் கலைத்துப் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் இயன்றவரை விரைவாக வாய்விட்டு விடை சொல்ல வேண்டும். சரியானவற்றையும் தவறானவற்றையும் தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண்ணிக்கையைப் பதியும் வரைபடத்தைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன், நேரம் முடிகிறது. சரியான விடைகள் பெருகுவதையும் தவறுகள் குறைவதையும் அதில் ஒருசேரக் காணலாம் என்பதை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.