அடுத்தவர் பணத்தில் வளரும் ராணுவம்

வணக்கம் நேயர்களே.

நீல ஹெல்மெட் அணிந்த ஐ.நா. அமைதிப்படை வீரர்களையும், பக்கவாட்டில் 'யு.என்.' என்று கறுப்பாக எழுதிய வெள்ளை வண்டிகளையும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டி யாருடையது? ஐ.நா.வுக்கென்று சொந்த ராணுவம் கிடையாது. வீரர்கள் ஏதோ ஒரு நாட்டின் வீரர்கள். கவச வண்டியும் பெரும்பாலும் அந்த நாட்டுடையதுதான். அனுப்புவதற்கு முன் வெள்ளை அடிக்கிறார்கள். அப்படி வெள்ளை அடிக்கும் செலவையும், பணி முடிந்தபின் பழைய நிறத்துக்கு மாற்றும் செலவையும்கூட ஐ.நா. திருப்பித் தருகிறது. இந்தச் சின்ன விவரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இப்படிப்பட்ட சின்னச் செலவுகளில்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளாக நான் படித்தும் பேசியும் வரும் கேள்வி இது. ஒரு சிறிய நாடு. பழைய ராணுவம், பழைய ஆயுதங்கள். புதுப்பிக்கக் கஜானாவில் பணமில்லை. அமைதிப்படைக்கு ஆள் அனுப்பினால் வெளிநாட்டுப் பணம் வரும், பயிற்சி வரும், கருவிகள் வரும். அதை வைத்து ராணுவத்தை நவீனமாக்கிவிட முடியுமா? ஃபிஜி, மங்கோலியா, நேபாளம், வங்கதேசம், கானா, உருகுவே என்று பல கண்டங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் பணம். ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா. பொதுச் சபை ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. நீண்ட காலம் 1,028 டாலராக இருந்தது. 2018இல் 1,428 டாலர் ஆனது. 2022இல் 1,448. எந்த நாட்டு வீரராக இருந்தாலும் ஒரே தொகை. ஆனால் அது வீரர் கையில் கொடுக்கப்படுவதில்லை, அவருடைய அரசுக்குப் போகிறது. அதில் வீரருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது அந்த அரசு. பணக்கார நாட்டுக்கு இந்தத் தொகை சம்பளத்துக்கே காணாது. ஏழை நாட்டுக்குச் சம்பளம் போக மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை நம்பித்தான் இவ்வளவு திட்டங்களும்.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளுக்கான பணம் வேறு கணக்கு. 1996 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. ஒரு வண்டியை வாடகைக்கு விட்டவர்களுக்கு இது உடனே புரியும். வண்டி ஓடினால் வாடகை, நின்றுவிட்டால் வாடகை இல்லை. நாடும் ஐ.நா.வும் ஓர் ஒப்பந்தம் போடுகின்றன. இத்தனை கவச வண்டிகள், இத்தனை ஜெனரேட்டர்கள், இத்தனை குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் என்று பட்டியல். வண்டியை மட்டும் கொடுத்தால் ஒரு வாடகை. வண்டியோடு பழுதுபார்ப்பும் உதிரிபாகமும் நம் பொறுப்பு என்றால் கூடுதல் வாடகை. அப்புறம் சமையல், துணி துவைப்பு, கூடாரம், தகவல் தொடர்பு என்று ஒவ்வொன்றுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு.

இதில்தான் ஆய்வு வருகிறது. பணியிடத்துக்கு வந்து சேர்ந்ததும் ஐ.நா. ஆய்வாளர்கள் வருவார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை போகும். பெரிய கருவிகள் ஒவ்வொரு வகையிலும் நூற்றுக்குத் தொண்ணூறு வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வாடகையில் வெட்டு விழும்.

அமைதிப்படையில் பொறியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி ஒருமுறை எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவருடைய படை பணியிடத்துக்குப் போய்ச் சேர்ந்த புதிதில், ஆய்வு என்றதும் எல்லோரும் வண்டிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தினார்களாம். டயருக்குக்கூட கறுப்புச் சாயம் பூசினார்களாம். அவர்கள் நாட்டில் ஆய்வு என்றால் அதுதான். ஜெனரல் வருவார், வரிசையைப் பார்ப்பார், போவார். ஐ.நா. ஆய்வாளர் வந்தார். மினுமினுப்பை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்றார். முதல் வண்டி கிளம்பியது. இரண்டாவது கிளம்பியது. மூன்றாவது கிளம்பவில்லை. ஜெனரேட்டர்களில் ஒன்று கிளம்பி, அரை நிமிடத்தில் நின்றது. ஆய்வாளர் கோபப்படவில்லை, குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் காலாண்டு முடிந்து கணக்கு வந்தபோது தலைநகரில் இருந்த நிதி அமைச்சக அதிகாரிகள் ராணுவத் தலைமையகத்தைக் கேள்வி கேட்டார்கள். அதுவரை எந்த வண்டி ஓடுகிறது, எது ஓடவில்லை என்று நிதி அமைச்சகம் கேட்டதே கிடையாது. அடுத்த சுற்றில், உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஒரு சார்ஜென்ட்டைத் தளபதியே தினமும் காலையில் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தாராம். "எங்கள் ராணுவம் மாறியது அந்தக் காலைப் பேச்சில்தான்" என்றார் அந்த அதிகாரி. நான் அதை நம்புகிறேன்.

புதிய துப்பாக்கி வாங்குவதை நவீனமாக்கல் என்று நினைக்கிறோம். வாங்கியது பத்தாண்டு கழித்தும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ராணுவத்தில் யாருக்காவது அதிகாரமும் அக்கறையும் இருக்கிறதா? அதுதான் என் அளவுகோல். திரும்பவும் சொல்கிறேன், உதிரிபாகக் கிடங்கைப் பாருங்கள். அமைதிப்படைப் பணி ஒரு ராணுவத்துக்குத் தரும் மிகப் பெரிய பாடம் அங்கே இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சக்கரக் கவச வண்டி, புல்டோசர், கள மருத்துவமனை, தண்ணீர் இயந்திரம். கனரக பீரங்கியும் வான் பாதுகாப்பும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே போக்குவரத்தும் மருத்துவமும் பொறியியலும் வளரும். எல்லையைக் காக்கும் பெரிய போருக்கு இந்தப் பணம் ஒரு ராணுவத்தைத் தயார் செய்யாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் ஒரு நாட்டு மக்களிடம் 'நம் ராணுவம் நவீனமாகிவிட்டது' என்று அறிவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மங்கோலியா இதைப் புரிந்துகொண்டு இறங்கிய நாடு. சோவியத் உதவி நின்றபின், இரண்டு பெரிய அண்டை நாடுகளுக்கு நடுவே, கனரகப் போரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத நிலை. 2003இல் 'கான் குவெஸ்ட்' என்ற கூட்டுப் பயிற்சி தொடங்கியது. 2006 முதல் பல நாடுகள் அதில் சேர்ந்தன. உலான்பாத்தர் அருகே ஐந்து மலைப் பயிற்சி மையத்தை அமெரிக்க உதவியோடு வளர்த்தார்கள். சியரா லியோனில் போர்க்குற்ற நீதிமன்றத்துக்குக் காவல் நின்றார்கள். 2012இல் தெற்கு சூடானுக்கு 850 பேர் கொண்ட பட்டாலியனை அனுப்பினார்கள். இந்தோனேசியாவின் வழி வேறு. 2006இல் லெபனானுக்குப் படை அனுப்பப் பிரெஞ்சுக் கவச வண்டிகளை வாங்கினார்கள். நான்கு ஆண்டுகளில், உள்நாட்டு பிந்தாட் நிறுவனம் செய்த 'அனோவா' வண்டி லெபனானில் ஓடியது. என் கணிப்பில் இதுவரை நடந்ததில் நல்ல பலன் அது.

இப்போது ஃபிஜி. 1970இல் சுதந்திரம் அடைந்த சிறிய தீவு நாடு. 1978இல் லெபனானுக்குப் பட்டாலியன் அனுப்பியது. 2002 வரை அங்கே இருந்தது. 1982 முதல் எகிப்தின் சினாய் தீபகற்பத்திலும் இருக்கிறது. சினாய்ப் படை ஐ.நா.வுடையது அல்ல, அதற்கு அமெரிக்காவும் எகிப்தும் இஸ்ரேலும் பணம் கொடுக்கின்றன. தீவுகளைக் காக்கத் தேவையான அளவைத் தாண்டி ராணுவம் வளர்ந்தது. கருவிகளும் பணியைத் தொடர்ந்துதான் வந்தன. 2014 ஆகஸ்டில் சிரியாவை ஒட்டிய கோலான் பகுதியில் ஃபிஜி வீரர்கள் 45 பேரை நுஸ்ரா முன்னணி என்ற ஆயுதக் குழு பிடித்து வைத்து, செப்டம்பரில் விடுவித்தது. 2016 ஜனவரியில் ரஷ்யா கொடுத்த ஆயுதங்கள் சுவா துறைமுகத்தில் இறங்கின. அப்புறம் ஆஸ்திரேலியா புஷ்மாஸ்டர் கவச வண்டிகள் கொடுத்தது, நாடி நகரில் பிளாக்ராக் பயிற்சி முகாமைக் கட்டித் தந்தது. ஒரு சிறிய ராணுவத்துக்கு இரண்டு பெரிய நாடுகள் மாறி மாறிப் பொருள் தருகின்றன என்றால், கொடுப்பவர்களுக்கும் அதில் ஒரு கணக்கு உண்டு.

அதே ஃபிஜியில் 1987இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை ராணுவம் கவிழ்த்தது. தலைமை தாங்கிய சித்திவேனி ரபுகா லெபனானிலும் சினாயிலும் பணியாற்றியவர். அமைதிப்படைக்குப் போனதால்தான் புரட்சி வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளிப்பணத்தில் வளர்ந்த ராணுவம் உள்நாட்டில் எவ்வளவு கனமாகிவிடுகிறது என்ற கேள்வியை விட்டுவிட முடியாது.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சோமாலியாவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் படித்தொகையை ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது. 2016இல் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது. அந்தப் படைக்கு வீரர்களை அனுப்பிய புருண்டியில் அரசியல் நெருக்கடி வந்ததும், பணம் அந்த அரசு வழியாகப் போகக் கூடாது என்றது. புருண்டி வீரர்கள் மாதக்கணக்கில் படி இல்லாமல் காத்திருந்தார்கள்.

இப்போது ஐ.நா.வே பண நெருக்கடியில் இருக்கிறது. அமைதிப்படையினரில் சுமார் கால்வாசிப் பேரைக் குறைப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். லெபனான் பணி 2026 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. வண்டிகள் ஊர் திரும்பும், வெள்ளைக்கு மேல் பழைய நிறம் ஏறும். அதன்பின் எந்த ஆய்வாளரும் வந்து 'ஸ்டார்ட் பண்ணுங்கள்' என்று சொல்லப்போவதில்லை, வாடகையும் வராது. அந்த நாடுகள் அடுத்துப் போடும் ராணுவ பட்ஜெட்டில் உதிரிபாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குகின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.