பொறுக்கி எடுத்தால் போதாது: முந்திரி ஆகாத பிள்ளையும் பள்ளிக்கூட விழாவும்

வணக்கம். மணி இரவு ஒன்பதரை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள், அதனால் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். நாளைக்கு நவம்பர் 14, குழந்தைகள் தினம். அவள் வகுப்பில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். எங்கள் பங்குக்குப் பொரி உருண்டை. அடுப்பில் வெல்லம் கரைந்துகொண்டிருக்கிறது. அது பாகாகிற வரைக்கும் உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்.

பாப்பாவுக்கு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை, அலர்ஜி. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். அதனால் முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஒத்துக்கொள்வதில்லை. வேர்க்கடலை அவளுக்கு ஒன்றும் செய்யாது. அதையும் நாங்களாக முடிவு செய்யவில்லை, பரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன பிறகுதான் கொடுக்கிறோம்.

என் கணவருக்குப் பண்ருட்டிப் பக்கம். பலாவும் முந்திரியும் விளைகிற ஊர். வீட்டுக்குப் பின்னாலேயே முந்திரித் தோப்பு. அவளுக்கு இரண்டு வயதில் அங்கே பாயசம் குடித்துவிட்டு முகமெல்லாம் தடித்தபோது, என் அத்தை நம்பவே இல்லை. "பருப்பு என்னம்மா பண்ணும்? தோல் எண்ணெய் பட்டால்தான் கை வெந்துபோகும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முந்திரிக்கொட்டையின் தோலில் இருக்கிற எண்ணெய் யார் கையில் பட்டாலும் புண்ணாக்கும். கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாப்பாவுக்கு வருவது அது இல்லை. பருப்பில் உள்ள புரதத்தை அவள் உடம்பு எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. நமக்குச் சத்தாகிற அதே பருப்பு அவளுக்கு மூச்சை அடைக்கும். இதை அத்தைக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. இப்போது அவர் வீட்டுச் சமையலறையில் முந்திரி டப்பாவே கிடையாது. அந்த ஊரில், அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

போன ஜனவரி, பொங்கல் லீவுக்கு முந்தின நாள். பாப்பா ஒன்றாம் வகுப்பு. பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து அனுப்பினேன். பள்ளியில் பானை வைத்துப் பொங்கல் பொங்கினார்கள். முந்திரி அலர்ஜி என்று சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம், அவள் மிஸ்ஸுக்கும் அது ஞாபகம் இருந்தது. பிள்ளை ஏங்கிப்போய்விடக் கூடாதே என்று, சர்க்கரைப் பொங்கலில் கண்ணுக்குத் தெரிந்த முந்திரியை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறார். பாசத்தில் செய்த காரியம். எனக்கு இன்றுவரை அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் முந்திரி வறுத்த நெய்தானே அந்தப் பொங்கல் முழுக்க இருக்கிறது? உடைந்த தூள் எத்தனை? பொறுக்கி எடுத்தால் போதாது என்பதை நாங்கள்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். "முந்திரி கொடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினோம். "முந்திரி போட்டுச் சமைத்த எதையும் கொடுக்காதீர்கள்" என்று எழுதவில்லை.

பத்து நிமிஷத்தில் உதடு வீங்கியிருக்கிறது. அப்புறம் வாந்தி, அப்புறம் விடாத இருமல். வீட்டிலிருந்து கொடுத்திருந்த அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டு, சரியாகிவிடும் என்று காத்திருந்திருக்கிறார்கள். நான் ஓடிப்போனபோது அவள் "அம்மா" என்று கூப்பிட்டாள். குரல் அவள் குரலாகவே இல்லை, கம்மிப்போய், யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். சில நிமிஷத்தில் மூச்சு சீரானது. ஆனாலும் உடனே வீட்டுக்கு விடவில்லை. அடங்கின மாதிரி இருந்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்று ராத்திரி வரைக்கும் வைத்துப் பார்த்தார்கள்.

அன்றைக்கு மருத்துவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். அரிப்புக்கும் தடிப்புக்கும்தான் சிரப். மூச்சு, தொண்டை, மயக்கம் என்று போய்விட்டால் அட்ரினலின் ஊசிதான் மருந்து, அதுவும் முதலில், தாமதிக்காமல். சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். இன்னொன்று, போன தடவை வெறும் தடிப்போடு போனது என்பதால் இந்தத் தடவையும் அப்படியே போகும் என்று நினைக்கக் கூடாது. நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

ஒரு நிமிஷம், பாகைக் கிளறிவிட்டு வருகிறேன்.

ம், இன்னும் கொஞ்சம் போக வேண்டும். கேமராவைக் கீழே திருப்புகிறேன், இந்த டப்பாவைப் பாருங்கள். சிவப்பு மூடி போட்ட சாதாரண பிளாஸ்டிக் டப்பாதான். வெளிநாடுகளில் பேனா மாதிரி ஒரு ஊசி இருக்கிறது, தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து போய்விடும். நம் ஊர் மருந்துக்கடைகளில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் இந்தக் கண்ணாடிக் குப்பி மருந்து, இரண்டு சிரிஞ்சு, குப்பியை உடைக்கும்போது விரலில் கிழிக்காமல் இருக்கப் பஞ்சு. மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பது மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள். எவ்வளவு மருந்து என்பது பிள்ளையின் எடையைப் பொறுத்தது. இவளுக்கு இப்போது 21 கிலோ, 0.2 மில்லி என்று எழுதியிருக்கிறார். சிரிஞ்சில் அந்த அளவில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைக்கு உங்கள் மருத்துவர் எழுதுவதுதான் அளவு, இதைப் பார்த்து யாரும் போட வேண்டாம். பிள்ளை வளர வளர இதுவும் மாறும், அதனால் வருஷா வருஷம் ஜூன் மாதம் எடை பார்த்துத் தாளை மாற்றுகிறோம். டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கிற பள்ளி வேனிலும் விடக் கூடாது. இது வீட்டு டப்பா. இதே மாதிரி இன்னொன்று பள்ளியில் இருக்கிறது. பூட்டின அலமாரியில் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், ஆபீஸ் அறை மேஜையில்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, போடுவதற்கு ஆள் வேண்டும். மருத்துவர் எங்களுக்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொன்னார். பள்ளியில் அந்த மிஸ்ஸும், ஆபீஸில் இருக்கிற ஒரு அக்காவும் தாங்களாகவே முன்வந்து பழகிக்கொண்டார்கள். தொடையின் வெளிப்பக்கம், நடுவில். ஊசி போட்டதும் 108-க்கு அழைக்க வேண்டும். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்காரவைக்கலாம், ஆனால் எழுந்து நடக்கவிடக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. முதல் நாள் பழகும்போது மிஸ்ஸுக்குக் கை நடுங்கியது. நாலாவது ஆரஞ்சில் நடுக்கம் நின்றது. அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு பள்ளியில் ஒரு யோசனை சொன்னார்கள். பண்டம் கொடுக்கிற நாளில் மட்டும் பாப்பாவை எச்.எம். அறையில் உட்காரவைத்துவிடலாம் என்று. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், நாங்களும் சரி என்றோம். ஒரு பிறந்தநாளுக்கு அப்படி உட்கார்ந்துவிட்டு வந்து, "அம்மா, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை எச்.எம். அறை என்பது தப்பு செய்த பிள்ளைகள் நிற்கிற இடம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலையிலேயே போய்ப் பேசினேன். பிள்ளையை நகர்த்த வேண்டாம், பண்டத்தைத்தான் மாற்ற வேண்டும். இதில் நான் இனி விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. என்ன வருகிறது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போதும். "நாளைக்குக் கப்கேக்" என்றால் நானும் வீட்டில் முந்திரி படாமல் கப்கேக் செய்து கொடுத்துவிடுவேன். அவளும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவாள். சொல்லாமல் திடீரென்று வருகிற நாளுக்கு வகுப்பு அலமாரியில் அவள் பெயர் எழுதிய டப்பா ஒன்று இருக்கிறது. நான் பார்த்து வாங்கின மிட்டாயும் பிஸ்கட்டும் அதில் இருக்கும், மாதம் ஒருமுறை நிரப்பிவிடுவேன்.

சாக்லேட் கொடுக்கிற பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவில் பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி மாதிரியான கொட்டைகள், கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு வகை எல்லாம் இருந்தால் உறையில் எழுத வேண்டும். ஆனால் கட்டைவிரல் அளவு சின்ன சாக்லேட்டில் எல்லாவற்றையும் அச்சடிக்க இடம் இருக்காது, வெளியே இருக்கிற பெரிய உறையில்தான் இருக்கும். அந்த உறையைத் தூக்கிப் போடாமல் மிஸ்ஸிடம் கொடுத்துவிடுங்கள். அதே சாக்லேட்டில் ஐந்தாறு வகை வருகிறது, ஒன்றில் கொட்டை இருக்காது, பக்கத்து வகையில் இருக்கும். இப்போது துபாய் சாக்லேட் என்று பிள்ளைகள் கேட்கிறார்களே, அதன் உள்ளே இருப்பதே பிஸ்தாதான்.

ஸ்வீட் கடையில் எடை போட்டு வாங்குகிற இனிப்புக்கு உறையும் இல்லை, எழுத்தும் இல்லை. முந்திரி கேக் எடுத்த அதே கையால்தான் மைசூர்பாகும் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் கடையில் எல்லா ருசிக்கும் ஒரே கரண்டி. அப்புறம் கண்ணுக்கே தெரியாத முந்திரி. வெள்ளைக் குருமா, பனீர் பட்டர் மசாலா, பாதாம் பால் பொடி எல்லாவற்றிலும் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். வெண்பொங்கலும் ரவா கிச்சடியுமாவது பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் கையில் சானிடைசர் தடவிக்கொள்கிறார்கள். அது கிருமிக்குத்தான். கையில் ஒட்டிய முந்திரியை எடுக்காது. சோப்பும் தண்ணீரும் வேண்டும், இல்லையென்றால் ஈரத் துடைப்பான். மிஸ்ஸிடம் சொன்னேன், இப்போது வகுப்பே வரிசையாகப் போய்க் கை கழுவிவிட்டு வருகிறது.

பாப்பாவும் பழகிக்கொண்டாள். யார் எது நீட்டினாலும், "இதில் முந்திரி, பிஸ்தா இருக்கா?" என்று கேட்பாள். "தெரியாது" என்று பதில் வந்தால் "வேண்டாம், தேங்க்ஸ்" என்று சொல்லிவிடுவாள். வீட்டில் நானும் அவள் அப்பாவும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதிரி, பாட்டி மாதிரி நடித்து, "ஒண்ணும் ஆகாது கண்ணு, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டுப் பழக்கினோம். அப்படித்தானே நம் வீடுகளில் கேட்பார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வீட்டில் அதை முயற்சி செய்யாதீர்கள். அப்படி ஒரு சிகிச்சை உண்டு, ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில், அளந்து அளந்து கொடுப்பது.

இதோ, பாகு வந்துவிட்டது. பாருங்கள், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டித் தட்டில் போடுகிறேன். டக்கென்று சத்தம் கேட்டதா? அதுதான் பதம். இப்போது ஏலக்காய், சுக்குப்பொடி, பல்லுப் பல்லாக நறுக்கி வறுத்த தேங்காய். தேங்காயை வழக்கமாக நெய்யில் வறுப்பேன், இன்றைக்கு வெறும் வாணலியில் வறுத்தேன். ஏனென்றால் போன வாரம் குழுவில் "யாருக்காவது எதுவும் ஆகாதா?" என்று கேட்டபோது, ஒரு அம்மா எனக்குத் தனியாக எழுதினார். அவர் பையனுக்குப் பால் ஆகாதாம், நெய் கூட. ஒன்றரை வருஷமாக அவன் பண்டம் கொடுக்கிற நாளெல்லாம் லீவு போட்டிருக்கிறான். ஒரே வகுப்பு, எனக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு அவனும் வருகிறான்.

பொரியைக் கொட்டிக் கிளறிவிட்டேன். கைக்கு நெய்க்குப் பதிலாக அரிசி மாவு தொட்டுக்கொள்கிறேன், சூடு தாங்கும், ஒட்டாது. என்னென்ன போட்டேன் என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டிவிடுவேன். பொரி, வெல்லம், தேங்காய், ஏலக்காய், சுக்கு, அரிசி மாவு. ஆறே ஆறு பொருள்.

வகுப்பில் 34 பிள்ளைகள், மிஸ்ஸுக்கு ஒன்று, ஆபீஸ் அக்காவுக்கு ஒன்று. 36 பிடிக்க வேண்டும். பாகு இறுகிவிட்டால் உருட்ட வராது, அதனால் கேமராவை நிறுத்துகிறேன். நாளைக்குச் சாயங்காலம் பாப்பாவும் அந்தப் பையனும் என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்கிறேன்.