கைதூக்கி விடுபவருக்கும் ஒரு பரிசு

நேயர்களுக்கு வணக்கம்.

2014-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம் ஒரு போட்டி நடத்தியது. அந்த நிர்வாகத்தை எஸ்.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போட்டியில் ஜெயித்தது 50 அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலர், மொத்தம் 25 லட்சம் டாலர். தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசு பரிசு கொடுப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ஆனால் இந்தப் பரிசை வாங்கியவர்கள் தொழில் தொடங்கியவர்கள் இல்லை. தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடம் கொடுத்து, வழி சொல்லி, முதலீட்டாளர் வாசல் வரை கூட்டிக்கொண்டு போகிறவர்கள். ஆக்சிலரேட்டர், இன்குபேட்டர் என்று நாம் கேள்விப்படுகிற அமைப்புகள்.

இவர்களுக்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும், அதையும் ஏன் பரிசு என்ற பெயரில் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். 1959-இல் நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்ற சிறிய ஊரில், விவசாய இயந்திரம் செய்த ஒரு பெரிய தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அந்தக் கட்டடத்தை மன்கூசோ என்ற குடும்பம் வாங்கியது. முழுக் கட்டடத்தையும் எடுக்க ஒரு வாடகைதாரர் கிடைக்கவில்லை. சரி என்று துண்டு துண்டாகப் பிரித்துச் சின்னச் சின்னத் தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அதோடு கணக்கு, கடன், நிர்வாகம் என்று யோசனையும் சொன்னார்கள். முதல் இன்குபேட்டர் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். இன்றும் இன்குபேட்டர் என்றால் ஏறக்குறைய அதுதான்: குறைந்த வாடகையில் இடம், சில இடங்களில் ஆய்வகம், பக்கத்திலேயே ஆலோசனை, ஓரிரு ஆண்டுகள் தங்கிக்கொள்ள அனுமதி.

ஆக்சிலரேட்டர் அதற்கு ரொம்பப் பிந்தியது. 2005-இல் ஒய் காம்பினேட்டர் தொடங்கியபோது வந்த வடிவம். ஒரு கூட்டமாகச் சேர்த்துக்கொள்வார்கள், மூன்று மாதம் போல நெருக்கிப் பிடித்து வேலை வாங்குவார்கள், கடைசி நாளில் முதலீட்டாளர்கள் முன்னால் நிறுத்துவார்கள். அத்துடன் முடிந்தது, அடுத்த கூட்டம் உள்ளே வரும்.

இவர்களுடைய பிழைப்பு எப்படி நடக்கிறது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒய் காம்பினேட்டர் போன்ற பெரிய ஆக்சிலரேட்டர் பணத்தைக் கொடுத்து, பதிலுக்கு நிறுவனத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறது. அங்கே இப்போதைய கணக்கு 1,25,000 டாலருக்கு 7 சதவீதப் பங்கு. அங்கிருந்து போன நிறுவனங்களில் ஏர்பிஎன்பி, டிராப்பாக்ஸ் எல்லாம் உண்டு. இப்படி ஒன்றிரண்டு தேறினால் போதும், தேறாத நூறு நிறுவனங்களின் செலவும் வந்துவிடும்.

ஆனால் இது எல்லோருக்கும் நடக்கிற கதை இல்லை. ஒரு நடுத்தர நகரத்துப் பல்கலைக்கழகத்தை ஒட்டியோ, லாப நோக்கமில்லாத சங்கமாகவோ நடக்கிற அமைப்புகள் பல. அவற்றில் பலவும் பங்கே வாங்குவதில்லை. வாங்கினாலும் அந்தப் பங்கு காசாக மாற ஏழு, எட்டு, பத்து வருடம்கூட ஆகலாம். பாதிக்கு மேல் மாறாமலே போகும். அதுவரை திட்ட மேலாளருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? கட்டட வாடகை? முதலீட்டாளரிடம் போய், உங்கள் பணம் ஸ்டார்ட்அப்புக்குப் போகாது, எங்கள் மேலாளர் சம்பளத்துக்குப் போகும் என்று சொன்னால் யாரும் காசோலை எழுத மாட்டார்கள். வங்கியும் எழுதாது. எஸ்.பி.ஏ. கண்ணில் பட்டது இந்த ஓட்டைதான். பரிசுப் பணத்தை நடைமுறைச் செலவுக்கே வைத்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது. இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம் அது.

சரி, மானியமாகக் கொடுத்திருக்கலாமே, ஏன் பரிசு? அமெரிக்க மத்திய அரசின் மானியம் வாங்கிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். விண்ணப்பமே ஒரு புத்தகம். செலவுத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் விளக்கம், பிறகு காலம் தவறாத அறிக்கை, தணிக்கை. மூன்று பேர் நடத்துகிற ஆக்சிலரேட்டருக்கு இதற்கென்றே நாலாவது ஆள் வேண்டும். 2011 ஜனவரியில் கையெழுத்தான அமெரிக்கா கம்பீட்ஸ் மறு அங்கீகாரச் சட்டம் மத்திய அரசுத் துறைகள் எல்லாமே பரிசுப் போட்டி நடத்தலாம் என்று பரவலான அதிகாரம் கொடுத்தது. அதற்கு முன்பு நாசா போன்ற சில துறைகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இருந்தது. புதிய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எஸ்.பி.ஏ. தன் போட்டியை அமைத்தது. தடித்த விண்ணப்பம் வேண்டாம், சில ஸ்லைடுகளில் உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள் என்றது. முதல் ஆண்டிலேயே 800-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. அடுத்த ஆண்டு 80 அமைப்புகளுக்கு, ஆளுக்கு அதே 50,000 டாலர் என்று 40 லட்சம் டாலர் அறிவித்தார்கள். 2016-இல் 68 அமைப்புகள்.

இங்கே எனக்கு ஒரு நெருடல் உண்டு. பரிசு என்பது பொதுவாக ஒன்றைச் செய்து காட்டியவருக்குக் கொடுப்பது. 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை என்று சட்டம் போட்டது. ஜான் ஹாரிசன் என்கிற கடிகாரக்காரர் வாழ்நாளையே கொடுத்துக் கருவி செய்தார். அவருடைய கடிகாரத்தைக் கப்பலில் ஏற்றி ஜமைக்கா வரை கொண்டுபோய்ச் சோதித்தார்கள். சோதனைக்குப் பிறகும் பணத்தைக் கொடுக்க இழுத்தடித்தார்கள், அது வேறு வழக்கு. கடைசித் தொகை அவர் கைக்கு வந்தது 1773-இல். ஆனால் கொள்கை தெளிவாக இருந்தது: கருவி வேலை செய்தால் காசு.

எஸ்.பி.ஏ. போட்டியில் சோதித்தது என்ன? பெரும்பாலும் ஸ்லைடுகளில் இருந்த திட்டத்தை. இனிமேல் இதைச் செய்வோம் என்ற வாக்குறுதியை. அப்படிப் பார்த்தால் இது பரிசின் சட்டை போட்ட மானியம். நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. 2010-இல் அதே அமெரிக்காவின் வணிகத் துறை ஐ-6 சேலஞ்ச் என்று ஒன்று நடத்தியது. ஆறு வட்டாரங்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர். பெயர்தான் சவால், உள்ளே இருந்தது முறையான மானியம், அதற்கு ஈடாகத் தாங்களும் பணம் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

சட்டையைப் பற்றி நான் ரொம்பச் சண்டை போட மாட்டேன். சின்ன அமைப்புக்குச் சீக்கிரம் பணம் போய்ச் சேர்ந்தால் நல்லதுதான். ஆனால் அது மானியமாக இருக்குமானால், போன பணம் என்ன செய்தது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

ஐம்பதாயிரம் டாலர் அந்த நாட்டில் எவ்வளவு தூரம் போகும்? ஒரு ஊழியரின் ஒரு வருடச் சம்பளம், கொஞ்சம் முன்பின். அதனால் பணத்தைவிடப் பெயர்தான் பெரிது, மத்திய அரசு தேர்ந்தெடுத்த அமைப்பு என்று சொல்லி உள்ளூர் வங்கியிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை வாங்கலாம் என்று இந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சப்ரினா ஹவெல் என்ற பொருளியலாளர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறை சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த ஆராய்ச்சி மானியங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய 1,50,000 டாலர் முதல் கட்ட மானியம் வாங்கிய நிறுவனத்துக்குத் துணிகர முதலீடு, அதாவது நஷ்டத்துக்குத் துணிந்து புதுத் தொழிலில் போடுகிற பணம், கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. அடுத்த கட்டமாகக் கொடுத்த 10 லட்சம் டாலரால் பெரிய பலன் தெரியவில்லை. முதல் கட்டம் பலித்தது ஏன்? அரசு முத்திரை குத்தியதாலா? இல்லை. அந்தப் பணத்தில் மாதிரிக் கருவி செய்து பார்க்க முடிந்ததால் என்கிறார்.

அது ஸ்டார்ட்அப்புகளுக்கான கணக்கு. ஆக்சிலரேட்டருக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரிடம் செய்து காட்ட மாதிரிக் கருவி எதுவும் கிடையாது, அதனால் அதற்குப் பெயர் கொஞ்சம் கூடுதலாகவே உதவும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் முத்திரை தானாக வேலை செய்யும் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது.

எங்கே கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். சிலிக்கான் வேலி, பாஸ்டன், நியூயார்க் மூன்றிலும் தனியார் பணம் கொட்டிக் கிடக்கிறது. அங்கே இன்னொரு ஐம்பதாயிரம் போனால் யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை. முதலீடு எட்டிப் பார்க்காத வட்டாரங்களுக்கும், பெண்கள் நடத்துகிற நிறுவனங்களுக்கும், வழக்கமாக வாய்ப்புக் கிடைக்காத சமூகத்தினருக்கும் உதவுகிற அமைப்புகளுக்கு எஸ்.பி.ஏ. முன்னுரிமை கொடுத்தது. இதற்கு ஆய்வின் பலமும் இருக்கிறது. யேல் ஹாக்பர்க், டேனியல் ஃபெடர் இருவரும் அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆக்சிலரேட்டர் வந்த நகரத்தில் தொடக்கநிலை முதலீடு கூடியது. அந்த ஆக்சிலரேட்டருக்குள் காலே வைக்காத உள்ளூர் நிறுவனங்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. முதலீட்டாளர் ஊருக்கு வரப் பழகிவிட்டால், பக்கத்து வீட்டையும் பார்த்துவிட்டுத்தானே போவார்.

இனி அளவுகோல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பரிசு வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும் என்று எஸ்.பி.ஏ. சொன்னது. எத்தனை நிறுவனம் உருவானது, எவ்வளவு முதலீடு வந்தது, எத்தனை வேலை என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். இந்த எண்கள் அழகாக வரும். வருவதில் சிரமமே இல்லை. ஏற்கெனவே நன்றாக ஓடுகிற நிறுவனங்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டால் போதும், மூன்று மாதத்தில் யாருக்கும் நல்ல எண் கிடைத்துவிடும். ஆக்சிலரேட்டர் உண்மையில் ஏதாவது செய்ததா, இல்லை நல்ல குதிரையைப் பார்த்துப் பந்தயம் கட்டியதா என்பது அந்த அறிக்கையில் தெரியாது.

இதைப் பிரித்துப் பார்க்க முடியும் என்று காட்டியது சிலி நாட்டு அனுபவம். 2010-இல் தொடங்கிய ஸ்டார்ட்-அப் சிலி என்ற அரசுத் திட்டம், பங்கு எதுவும் கேட்காமல் 40,000 டாலர் அளவுக்குப் பணமும் உட்கார இடமும் கொடுத்தது. சிலருக்கு மட்டும் அதற்கு மேல் பயிற்சி: வழிகாட்டிகள், மாதாமாதம் குறிக்கோள், செய்தாயா என்ற கேள்வி. ஹுவானிடா கொன்சாலஸ்-உரிபே, மைக்கேல் லெதர்பீ என்ற இரண்டு ஆய்வாளர்கள், தேர்வுக்கான மதிப்பெண் எல்லையைச் சற்றே தாண்டி உள்ளே போனவர்களையும், கொஞ்சத்தில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் தரத்தில் ஏறக்குறைய சமம்தான், அதனால் இந்த ஒப்பீடு நியாயமானது. 2018-இல் வெளியான முடிவு: பணமும் இடமும் மட்டும் வாங்கியவர்களிடம் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்கள் கூடுதலாக முதலீடு திரட்டினார்கள், வளர்ந்தார்கள்.

ஆக, நடுவர்கள் பார்க்க வேண்டியது பளபளக்கும் கட்டடப் படத்தை அல்ல, வாரா வாரம் அங்கே என்ன நடக்கிறது என்பதை. என்னைக் கேட்டால் விண்ணப்பத்தில் ஒரே ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்குவேன். இதுவரை உங்களிடம் வந்த எல்லா நிறுவனங்களின் பட்டியல், மூடிப்போனவையும் சேர்த்து. இந்தத் துறையில் சாதனைப் படத்தொகுப்பு எல்லோரிடமும் இருக்கிறது, இந்தப் பட்டியலைத்தான் கேட்டால் இழுப்பார்கள். எஸ்.பி.ஏ. பின்னாளில் போட்டியைக் கட்டம் கட்டமாக மாற்றியது. முதல் கட்டத்தில் கூட்டாளிகளைச் சேர்க்கப் பணம், அதைச் செய்தவர்களுக்கு அடுத்த கட்டத்தில் கூடுதல் தொகை. ஹாரிசனின் கடிகாரம் அளவுக்கு இல்லாவிட்டாலும், செய்து காட்டு, அப்புறம் வாங்கிக்கொள் என்ற பக்கம் ஒரு அடி வைத்தாயிற்று.

இந்தியாவில் மானியம், பரிசு என்ற இந்த இரண்டு பணமும் தனித்தனி வாசலில் வருகின்றன. 945 கோடி ரூபாயில் 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில், தேர்வாகும் ஒரு இன்குபேட்டருக்கு 5 கோடி ரூபாய் வரை தவணை தவணையாகக் கொடுத்து, அதன் வழியாக ஸ்டார்ட்அப்புகளுக்குப் போகும்படி வகுத்தார்கள். இது மானியம். தேசிய ஸ்டார்ட்அப் விருதுகள் என்று 2020-இல் ஆரம்பித்தபோது சிறந்த இன்குபேட்டருக்கும் ஆக்சிலரேட்டருக்கும் ஆளுக்கு 15 லட்சம் ரூபாய் வைத்தார்கள். அது செய்து முடித்ததற்குப் பாராட்டு. குழப்பம் குறைவு. ஆனால் முதல் வாசலில் நுழையக் காகிதம் அதிகம் வேண்டும், இரண்டாவது வாசலில் நுழைகிறவர் ஏற்கெனவே பெரிய ஆள். நடுவில் இருக்கிற புது அமைப்புக்கு, அமெரிக்கப் போட்டி மாதிரியான சின்ன வாசல் ஒன்று இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

தோற்றவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2014-இல் 800-க்கு மேல் விண்ணப்பித்து 50 பேர் ஜெயித்தார்கள் என்றால் 750-க்கு மேல் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஹவெல் இன்னொரு ஆய்வில் ஸ்டார்ட்அப் போட்டிகளைப் பார்த்தார். நடுவர்கள் எந்த இடத்தில் தங்களை வைத்தார்கள் என்று தெரிந்துகொண்டவர்களில், கீழே இருந்தவர்கள் அந்த முயற்சியைக் கைவிட்டது அதிகம். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் தேறாத முயற்சியில் இன்னும் இரண்டு வருடம் போகாமல் தப்பினார்கள். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்படுவது என்றால் அதுதான். ஆக்சிலரேட்டர்களுக்கும் இது பொருந்தாமல் போகாது. நடுவர்கள் எப்படியும் மதிப்பெண் போட்டு வைத்திருப்பார்கள். அடுத்த முறை இப்படியொரு போட்டி எந்த நாட்டில் நடந்தாலும், அந்த மதிப்பெண்ணையும் இரண்டு வரிக் காரணத்தையும் விண்ணப்பித்த எல்லோருக்கும் அனுப்பிவிடட்டும். பரிசுத்தொகையில் ஒரு டாலர்கூட இதற்காகக் குறையாது.

நன்றி, வணக்கம்.