வாஷிங்டன் என்றொரு பண்ணை

நேயர்களுக்கு வணக்கம். வாஷிங்டன் என்றதும் வெள்ளை மாளிகைதான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் பக்கம் இருக்கும் வாஷிங்டன். பெயர் புறப்பட்ட ஊர் அதுதான்.

சட்டன், நார்ட்டன், பிரைட்டன் என்று எத்தனை 'டன்' கேட்டிருப்பீர்கள்! பழைய ஆங்கிலத்தில் அது வேலி அடைத்த இடம். அப்புறம் பண்ணை, அப்புறம் ஊர். நம் 'பட்டி'யும் ஆடுமாடு அடைத்த இடந்தானே? சட்டன் தெற்குப் பண்ணை, நார்ட்டன் வடக்குப் பண்ணை. வாஷிங்டன், ஹ்வாஸா என்ற ஒருவரின் வகையறா இருந்த பண்ணை. துணி துவைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள்.

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்ட்பர்ன் ஊர் வில்லியம் என்பவர் அங்கே குடியேறினார். அதுவரை 'ஹார்ட்பர்ன் வில்லியம்'. ஊர் மாறியதும் 'வாஷிங்டன் வில்லியம்'. அந்த வழியில் வந்த ஜான் 1656-ல் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அடிமைத்தனம் ஒழிந்த புதிது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இந்தப் பையனுக்கோ புக்கர் மட்டும். நம் முறை வந்தால் என்ன சொல்வது என்று தவித்தவன், முறை வந்ததும் பதறாமல் "புக்கர் வாஷிங்டன்" என்றான். அவனுடைய மாற்றாந்தகப்பனுக்கு முதல் பெயர் வாஷிங்டன். பிறந்தபோது அம்மா டாலியாஃபெரோ என்றும் வைத்திருந்தது அவனுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, புக்கர் டி. வாஷிங்டன் என்பதில் வரும் 'டி' அதுதான். அலபாமாவில் கறுப்பினத்தவர் படிக்க எழுந்த டஸ்கெகி கல்விக்கூடத்தை வளர்த்த அதே மனிதர். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட பையன், கவனியுங்கள்! 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அமெரிக்காவில் இந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினத்தவர். டர்ஹாம் பண்ணையின் பெயர் இன்று பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெயர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள்; ஒரு நிமிடந்தான். 1853-ல் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பக்கம், இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தவர்கள் தங்கள் பகுதிக்குக் 'கொலம்பியா' என்று பெயர் கேட்டார்கள். தலைநகர் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தோடு குழம்புமே என்று நாடாளுமன்றம் அதை மாற்றி வைத்த பெயர், வாஷிங்டன்! குழப்பம் தீர்ந்ததா என்று நீங்களே சொல்லுங்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கமும் ஒரு வாஷிங்டன் உண்டு, அதற்கு நேரமில்லை. வணக்கம்.